மயக்கம் தெளிந்து பார்க்கும்போது: மார்பக மறுசீரமைப்பு அறுவையின் கதை

இன்னைக்கு நேரா விஷயத்துக்குள்ள போயிடலாம்.

1895. ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரம். வின்சென்ஸ் செர்னி அங்கே பெயர் பெற்ற அறுவை மருத்துவர். அவரிடம் 41 வயதுப் பாடகி ஒருவர் வருகிறார். மார்பகத்தில் கட்டி. புற்றுநோய் இல்லை. ஆனால் கட்டியை எடுத்தால் உள்ளே இருக்கிற திசுவும் சேர்ந்து போய்விடும், ஒரு பக்கம் மட்டும் குழி விழுந்துவிடும். மேடையில் நின்று பாடுகிறவருக்கு அது சின்ன விஷயமில்லை. அதே பெண்ணுக்கு இடுப்புக்கு மேலே, முதுகோரமாக ஒரு கொழுப்புக் கட்டியும் இருந்தது. ஆபத்தில்லாத கட்டி. செர்னி அந்தக் கொழுப்புக் கட்டியை எடுத்து, மார்பகத்தில் காலியான இடத்தில் வைத்துத் தைத்துவிட்டார். மருத்துவ வரலாற்றை எழுதுகிறவர்கள் முதல் மார்பக மறுசீரமைப்பு என்று வழக்கமாகச் சொல்வது இதைத்தான்.

இப்ப எண்பது வருஷம் தள்ளி வாங்க. 1970களின் தொடக்கம், அமெரிக்கா. நிலாவுக்கு ஆள் அனுப்பியாச்சு. இதய மாற்று அறுவை செஞ்சாச்சு. ஆனா மார்பகத்துல ஒரு கட்டின்னு ஆஸ்பத்திரிக்குப் போற பெண், மயக்க ஊசிக்கு முன்னாடி ஒரு படிவத்துல கையெழுத்துப் போடணும். அவங்க மயக்கத்துல இருக்கும்போதே கட்டியில ஒரு துண்டை எடுத்து சோதிப்பாங்க. புற்றுநோய்னு வந்தா அங்கேயே, அப்பவே, மார்பகம், நெஞ்சுத் தசை, அக்குள் வரைக்கும் எடுத்துடுவாங்க. கண் முழிச்சுக் கையை வெச்சுப் பார்க்கும்போதுதான் தனக்குப் புற்றுநோய் இருந்ததா இல்லையாங்கறதே அந்தப் பெண்ணுக்குத் தெரியும். எடுத்த இடத்துல திரும்ப ஒண்ணு உருவாக்க முடியுமான்னு கேட்டா, பெரும்பாலும் 'உயிர் பிழைச்சதுக்குச் சந்தோஷப்படும்மா' என்ற தோரணையில்தான் பதில் வரும்.

1895-ல் ஒரு பாடகிக்குச் செய்ய முடிந்ததை நினைத்துப் பார்க்கக்கூட 1970-ல் ஏன் இவ்வளவு பேருக்கு வழியில்லை? டெக்னிக் இல்லை என்பது பாதி பதில்தான். மீதிப் பாதிதான் எனக்கு இந்தக் கதையில் பெரிசாகத் தெரியுது.

போறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். நம்ம வீடுகள்ல இதைப் பற்றிப் பேசவே மாட்டாங்க. பேசினாலும் 'அந்த இடத்துல கட்டி'ன்னு குரலைக் குறைச்சுத்தான் சொல்வாங்க. இந்த எபிசோட்ல மார்பகம்னா மார்பகம்னே சொல்லப் போறோம். ஹெட்ஃபோன் இல்லாம ஹால்ல கேட்டுட்டிருக்கீங்கன்னாலும் பரவாயில்லை, அப்படியே கேளுங்க.

இந்தக் கதையின் மையத்தில் ஒரு மனிதர் இருக்கிறார்: வில்லியம் ஹால்ஸ்டெட். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை. நவீன அறுவை சிகிச்சையின் தந்தைகளில் ஒருவர் என்று சொன்னால் மிகையில்லை. ஆபரேஷன் தியேட்டரில் ரப்பர் கையுறை வந்ததே இவரால்தான். கிருமிநாசினி பட்டு ஒரு நர்ஸுக்குக் கையெல்லாம் புண்ணாகிறது என்று அவருக்காக மெல்லிய ரப்பர் கையுறை செய்யச் சொன்னார். பிறகு அந்த நர்ஸையே கல்யாணமும் செய்துகொண்டார். நிதானமா, திசுவை மென்மையாகக் கையாண்டு, ரத்தம் வீணாகாமல் வெட்டுகிற பாணியைக் கற்றுக்கொடுத்தவர். அவரை வில்லனாக்குவது ரொம்ப சுலபம், ஆனா நியாயமில்லை.

அவர் காலத்தில் மார்பகப் புற்றுநோய் என்றால் என்ன நிலைமை? பெண்கள் கட்டி பெரிதாகி, புண்ணாகிக்கூடத்தான் மருத்துவரிடம் வந்தார்கள். வெட்டி எடுத்தாலும் அதே இடத்தில் திரும்ப வரும். ஐரோப்பாவின் பெரிய பெரிய மருத்துவர்களின் கணக்கிலேயே பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு அதே இடத்தில் திரும்ப வந்தது. ஹால்ஸ்டெட்டின் கோட்பாடு எளிமையானது. புற்றுநோய் ஒரு புள்ளியில் தொடங்கி, தண்ணீரில் கல் போட்ட மாதிரி சுற்றிலும் பரவுகிறது. அக்குள் நெறிகளுக்குப் போகிறது, அப்புறம் அதைத் தாண்டி. அதனால் அந்த வட்டத்துக்கு வெளியே நின்று மொத்தத்தையும் ஒரே துண்டாக வெட்டி எடுத்துவிட்டால் நோய் முடிந்தது. மார்பகம், மேலே உள்ள தோல், கீழே இருக்கிற நெஞ்சுத் தசை, அக்குளின் நிணநீர் முடிச்சுகள், எல்லாம். இதற்கு ராடிகல் மாஸ்டெக்டமி என்று பெயர். 1894-ல் 50 பெண்களின் கணக்கை வெளியிட்டார். வெட்டிய இடத்திலேயே நோய் திரும்பியது 3 பேருக்குத்தான். பாதிக்கு மேல் இருந்தது 6 சதவீதமாகக் குறைந்துவிட்டது! உலகமே திரும்பிப் பார்த்தது.

இங்கேதான் ஒரு இன்ஜினியராக எனக்கு உறுத்துகிறது. அவர் அளந்தது என்ன? 'வெட்டின இடத்துல திரும்ப வந்துச்சா?' என்ற கேள்வியை. 'இந்தப் பெண் எத்தனை வருஷம் உயிரோட இருந்தாங்க?' என்பது வேற கேள்வி. 'எப்படி இருந்தாங்க?' என்பது அதைவிட வேற கேள்வி. டேஷ்போர்டில் ஒரு எண் பச்சையாக மாறியதும் எல்லாரும் கைதட்டிவிட்டார்கள். அந்த எண்தான் சரியான எண்ணா என்று முறையாகச் சோதிக்க முக்கால் நூற்றாண்டு ஆனது.

அந்த அறுவைக்குப் பிறகு அந்தப் பெண்களின் உடல் எப்படி இருந்தது என்பதைச் சொல்லியாகணும். தோலுக்குக் கீழே தசை கிடையாது, விலா எலும்பு வரிவரியாகத் தெரியும். தோள்பட்டைக்குக் கீழே ஒரு பள்ளம். அக்குள் முடிச்சுகளை எடுத்ததால் நிணநீர் வடிய வழியில்லாமல் கை வீங்கும், சிலருக்கு வாழ்நாள் முழுக்க. இதைத் தோல், தசை கொண்டு மூடக்கூடாதா என்றால் ஹால்ஸ்டெட் கூடாது என்றார். மேலே எதையாவது கொண்டுவந்து மூடினால், அடியில் நோய் திரும்புவது கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும் என்பது அவர் பயம். திறந்தே இருக்கட்டும், மெல்லிய தோல் ஒட்டு மட்டும் போதும், அப்போதுதான் கண்காணிக்க முடியும். ஸ்கேன் இல்லாத காலத்தில் அந்த பயத்தில் ஒரு தர்க்கம் இருந்தது. ஆனால் ஸ்கேன்களும் எக்ஸ்ரேயும் வந்த பிறகும் அந்த விதி மட்டும் அப்படியே நின்றது. யார் எழுதினாங்க, எதுக்கு எழுதினாங்கன்னு தெரியாத ஒரு பழைய கோடு வரியைத் தொட எல்லாருக்கும் பயம் இருக்குமே, அந்த மாதிரி.

அதே நேரத்தில் இத்தாலியில் வேறொரு கதை நடந்துகொண்டிருந்தது. இகினியோ டான்சினி. மார்பகத்தை எடுத்த பிறகு அவ்வளவு பெரிய காயத்தை எப்படி மூடுவது என்பது அவர் கவலை. 1896-ல் முதுகிலிருந்து தோலை ஒரு மடல் மாதிரி உரித்து, ஒரு பக்கம் ஒட்டியிருக்கும்படி முன்பக்கம் திருப்பிக் கொண்டுவந்தார். ஆனால் மடலின் நுனி கறுத்துச் செத்துப்போனது. ரத்தம் போகவில்லை.

பெரும்பாலான பேர் அங்கேயே விட்டிருப்பாங்க. டான்சினி ஏன் என்று தேடினார். உடற்கூறு ஆய்வில் தெரிந்தது என்னவென்றால், முதுகுத் தோலுக்கு ரத்தம் நேராக வரவில்லை. அடியில் இருக்கிற அகலமான தசை வழியாக, குட்டிக் குட்டிக் கிளைகளாக மேலே ஏறி வருகிறது. ஜிம்முக்குப் போறவங்களுக்குத் தெரியும், லாட் புல்டவுன் பண்ணும்போது இழுக்குமே, அந்த லாட்ஸ் தசைதான். அந்தத் தசைக்கு முக்கியமான ரத்தக்குழாய் அக்குள் பக்கத்திலிருந்து வருகிறது. அப்படியென்றால் தோலை மட்டும் எடுக்காமல் தசையோடு சேர்த்து எடுத்து, அக்குள் பக்கத்து இணைப்பை விடாமல் முன்னால் திருப்பினால்? 1906-ல் அதைச் செய்து வெளியிட்டார். மடல் பிழைத்தது.

இந்த 'மடல்' விஷயம் முக்கியம், கொஞ்சம் நில்லுங்க. மருத்துவத்தில் இதற்கு ஃபிளாப் என்று பெயர். தோட்டம் வைத்திருக்கும் வீட்டில் பதியன் போடுவதைப் பார்த்திருப்பீங்க. மல்லிகைக் கொடியின் ஒரு கிளையை வளைத்து மண்ணில் புதைப்பார்கள். ஆனால் தாய்ச்செடியிலிருந்து வெட்டமாட்டார்கள். புது இடத்தில் வேர் பிடிக்கும்வரை பழைய செடியிலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். வேர் பிடித்ததும் வெட்டிவிடலாம். ஃபிளாப்பின் மூல தத்துவம் அதுதான். இதை வெள்ளைக்காரர்கள் நம்மிடமிருந்து கற்றுக்கொண்டதற்கு அச்சில் ஆதாரமே இருக்கிறது. மைசூர்ப் போரில் மூக்கு அறுக்கப்பட்ட கவாஸ்ஜி என்ற வண்டியோட்டிக்கு, நெற்றித் தோலைத் திருப்பிக் கொண்டுவந்து புது மூக்கு செய்த செய்தி 1794-ல் லண்டனின் ஜென்டில்மேன்ஸ் மேகஸினில் வந்தது. அதைப் படித்து ஜோசப் கார்ப்யூ லண்டனில் 1814-ல் அதே முறையைச் செய்து பார்த்தார். புராணக் கதையெல்லாம் தேவையே இல்லை. இந்த ஒரு ஆவணமே போதும்.

டான்சினி விஷயத்துக்கு வருவோம். அவர் முறை ஐரோப்பாவில் சில வருஷம் பரவலாக இருந்தது. அவர் நோக்கம் மார்பகம் செய்வது இல்லை, காயத்தை மூடுவதுதான் என்பதையும் சொல்லிடணும். ஆனால் மார்பகம் செய்யத் தேவையான மூலப்பொருள் முழுசாகக் கையில் வந்துவிட்டது. அப்புறம் என்ன ஆச்சு? ஹால்ஸ்டெட்டின் விதி அட்லான்டிக்கைத் தாண்டி வந்தது. மூடாதே, மறைக்காதே. 1920களுக்குப் பிறகு டான்சினியின் முறையை யாரும் தொடவில்லை. ஒரு இத்தாலிய மருத்துவ இதழின் பக்கங்களில் அது அப்படியே தூங்கிப்போனது. நல்ல கமிட், ஆனா யாரும் மெர்ஜ் பண்ணலை.

இடையில் நடந்ததை வேகமாகச் சொல்லிடறேன், ஏன்னா பாதி பயங்கரமானது. 1899 வாக்கில் வியன்னாவில் ராபர்ட் கெர்சுனி உடம்புக்குள் பாரஃபின், அதாவது மெழுகு, ஊசி போடலாம் என்றார். பலர் அதை மார்பகத்திலும் போட்டார்கள். மெழுகு கட்டியாக இறுகியது, நகர்ந்தது, சீழ் வைத்தது. அப்புறம் பஞ்சு மாதிரியான பிளாஸ்டிக், திரவ சிலிக்கான் ஊசி என்று ஒவ்வொன்றாக வந்து ஒவ்வொன்றாகக் கெட்ட பெயர் எடுத்தன.

நின்று பார்க்க வேண்டியவர் ஹெரால்ட் கில்லீஸ். நியூசிலாந்தில் பிறந்து லண்டனில் வேலை பார்த்தவர். முதல் உலகப்போரில் முகம் சிதைந்து வந்த சிப்பாய்களுக்கு முகம் செய்து கொடுத்தவர். 1917-ல் ஒருவருக்கு அறுவை செய்யும்போது, உரித்த தோல் பட்டை தானாகவே உள்பக்கமாகச் சுருண்டுகொள்வதைக் கவனித்தார். அப்படியே ஓரங்களைச் சேர்த்துத் தைத்துக் குழாய் ஆக்கிவிட்டால்? உள்ளே ரத்த ஓட்டம் பாதுகாப்பாக இருக்கும், கிருமியும் நுழையாது. ஆன்டிபயாட்டிக் இல்லாத காலம் என்பதை ஞாபகம் வெச்சுக்கோங்க. ஒடெஸாவில் விளாடிமிர் ஃபிலாட்டோவும் ஏறத்தாழ அதே நேரத்தில், ஒருவரையொருவர் அறியாமல் இதைக் கண்டுபிடித்திருந்தார். இந்தத் தோல் குழாயை ஒரு முனை, அப்புறம் மறுமுனை என்று கம்பளிப்பூச்சி நகர்வது மாதிரி உடம்பில் நகர்த்தலாம்.

1942-ல் கில்லீஸ் இதே உத்தியில் மார்பகம் செய்யத் தொடங்கினார். வயிற்றிலிருந்து தோலும் கொழுப்பும் சேர்த்துக் குழாயாக மேலே நகர்த்தினார். தொப்புளையும் சேர்த்து எடுத்தார். தொப்புளை வைத்து முலைக்காம்பு! கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் அவரிடம் இருந்த பொருள் அவ்வளவுதான். பிரச்சினை என்னவென்றால், இதற்குப் பல அறுவைகள், பல மாதங்கள். உடம்பெல்லாம் தழும்பு. ஏற்கெனவே புற்றுநோயைத் தாண்டி வந்த ஒரு பெண் நெஞ்சில் தோல் குழாயோடு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அப்படியும் சம்மதித்து வந்த பெண்கள் இருந்தார்கள். 'இதெல்லாம் பெண்கள் பெரிசா எடுத்துக்க மாட்டாங்க' என்று நினைத்த மருத்துவர்களுக்கு அதைவிட என்ன பதில் வேண்டும்?

அடுத்து டெக்சாஸ். ஹூஸ்டனில் ஃபிராங்க் ஜெரோ என்ற இளம் மருத்துவர் ரத்தம் நிரப்பிய பிளாஸ்டிக் பையைக் கையில் அழுத்திப் பார்த்தபோது, இது மார்பகம் மாதிரியே இருக்கிறதே என்று தோன்றியது என்பார்கள். அவரும் தாமஸ் க்ரோனினும் சிலிக்கான் பைக்குள் சிலிக்கான் ஜெல் அடைத்து, முதலில் எஸ்மெரால்டா என்ற நாய்க்கு வைத்துப் பார்த்தார்கள். 1962-ல் ஒரு பெண்ணுக்கு. அவர் அதைக் கேட்டு வரவே இல்லை; நெஞ்சில் போட்டிருந்த டாட்டூவை அழிக்க வந்தவர். இது அழகுக்கான அறுவை. புற்றுநோய்ப் பெண்களுக்கு இந்தப் பை வர இன்னும் சில வருஷம் ஆனது. 1971-ல் ஸ்னைடர்மேன், குத்ரி என்ற இருவர், மாஸ்டெக்டமி ஆன பெண்களின் நெஞ்சுத் தோலைத் தூக்கி அடியில் சிலிக்கான் பையை வைத்ததை வெளியிட்டார்கள். முடிந்துவிட்டது, அடுத்த நாள் வீட்டுக்குப் போகலாம் என்ற அளவுக்கு எளிமையாகத் தெரிந்தது. ஆனால் ஹால்ஸ்டெட் முறையில் வெட்டின நெஞ்சில் தோலே மிச்சமிருக்காதே? பையை எதற்குள் வைப்பது? அந்த முடிச்சு அவிழாமல் எந்த டெக்னிக்கும் முன்னேற முடியாது.

அந்த முடிச்சை அவிழ்த்தது பிளாஸ்டிக் சர்ஜன்கள் இல்லை. இதுதான் எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த பகுதி.

பிட்ஸ்பர்க்கில் பெர்னார்ட் ஃபிஷர் என்ற மருத்துவர், ஹால்ஸ்டெட்டின் கோட்பாட்டையே சோதனைக்கு வைத்தார். அவருக்கு முன்னாலும் சந்தேகப்பட்டவர்கள் உண்டு. லண்டனில் ஜெஃப்ரி கெய்ன்ஸ் (பொருளாதார மேதை கெய்ன்ஸின் தம்பி!) 1920களிலேயே கட்டியை மட்டும் எடுத்து ரேடியம் ஊசிகளை வைத்துச் சிகிச்சை கொடுத்தார், அவர் பேச்சு எடுபடவில்லை. ஃபிஷர் வாதம் செய்யாமல் ஏ-பி டெஸ்ட் பண்ணினார். 1971-ல் தொடங்கி 1,600-க்கும் மேற்பட்ட பெண்கள். யாருக்கு எந்த அறுவை என்பதைக் குலுக்கல் மாதிரி தீர்மானித்து, சிலருக்கு ஹால்ஸ்டெட் முறை, சிலருக்கு நெஞ்சுத் தசையைத் தொடாத எளிய முறை. 'பெண்களின் உயிரோடு விளையாடுகிறார்' என்று சக மருத்துவர்களே திட்டினார்கள். முடிவு? உயிர் பிழைப்பதில் வித்தியாசமே இல்லை. 25 வருஷம் கழித்து 2002-ல் திரும்பக் கணக்கெடுத்தபோதும் இல்லை. புற்றுநோய் தண்ணீரில் வட்டம் விரிவது போலப் பரவவில்லை. ரத்தத்தின் வழியாகத் தொடக்கத்திலேயே வெளியே போயிருக்கலாம். அப்படிப் போயிருந்தால் நெஞ்சை எவ்வளவு ஆழமாக வெட்டினாலும் பிடிக்க முடியாது. அத்தனை ஆண்டுகளாக அத்தனை பெண்களிடமிருந்து வெட்டி எடுத்த நெஞ்சுத் தசைக்குப் பதிலாக அவர்களுக்குக் கூடுதல் ஆயுள் எதுவும் கிடைத்திருக்கவில்லை.

ஆய்வு முடிவு மட்டும் வந்திருந்தால் இன்னும் இருபது வருஷம் இழுத்திருக்கும் என்பது என் கணிப்பு. இன்னொருவர் வந்தார்: ரோஸ் குஷ்னர். மருத்துவர் இல்லை, பத்திரிகையாளர். 1974-ல் தனக்குக் கட்டி இருப்பதைக் கண்டுபிடித்தார். முதலில் சோதனை மட்டும் செய்யுங்கள், முடிவைச் சொல்லுங்கள், அறுவை பற்றி நான் யோசித்துச் சொல்கிறேன் என்று கேட்டார். இன்னைக்கு இது சாதாரணம். அன்னைக்கு ஒவ்வொரு மருத்துவராகக் கேட்டு, மறுப்பு வாங்கி, ஒத்துக்கொள்ளும் ஒருவரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

அதே 1974 செப்டம்பரில் அமெரிக்க அதிபரின் மனைவி பெட்டி ஃபோர்டுக்கு மார்பகக் கட்டி. நாடு முழுக்கச் செய்தி. குஷ்னர் நேராக வெள்ளை மாளிகைக்கு ஃபோன் போட்டார். ஒரே மயக்கத்தில் சோதனையும் அறுவையும் வேண்டாம், இரண்டையும் பிரிக்கச் சொல்லுங்கள் என்று. அவருக்குக் கிடைத்த பதில், அதிபர் முடிவெடுத்துவிட்டார் என்பது. கட்டி பெட்டி ஃபோர்டுக்கு, முடிவு ஜெரால்ட் ஃபோர்டுடையது. செப்டம்பர் 28 அன்று பெட்டிக்கு ராடிகல் மாஸ்டெக்டமி நடந்தது. ஆனால் பெட்டி ஃபோர்டு இன்னொன்று செய்தார்: மறைக்கவில்லை. மருத்துவமனைப் படுக்கையில் இருந்து படம் வெளியானது. லட்சக்கணக்கான பெண்கள் பரிசோதனைக்குப் போனார்கள்.

குஷ்னர் அடுத்த வருஷமே புத்தகம் எழுதினார். 1979-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்கள் மார்பகப் புற்றுநோய் சிகிச்சை பற்றி நிபுணர் கூட்டம் போட்டபோது, அந்தக் குழுவில் உட்கார்ந்திருந்தார். ஹால்ஸ்டெட் முறை இனி வழக்கமான சிகிச்சை இல்லை என்றும், சோதனையும் அறுவையும் தனித்தனியாக நடக்க வேண்டும் என்றும் அந்தக் கூட்டம் சொன்னது. இந்த இரண்டாவது வரிக்கு அர்த்தம் என்னன்னா, இனி மயக்கத்துக்கு முன்னாடியே ஒரு பெண்ணுக்குத் தன் நோய் என்னன்னு தெரியும். அப்போதுதான் 'எடுத்த பிறகு என்ன?' என்று கேட்க அவருக்கு நேரமே கிடைக்கிறது. மறுசீரமைப்பு ஒரு உண்மையான தேர்வாக மாறியது அந்த இடைவெளியில்தான்.

அப்புறம் அணை உடைந்த மாதிரி. 1976-ல் ஜெர்மனியின் கொலோனில் நெவன் ஒலிவாரி முதுகுத் தசை ஃபிளாப்பை வெளியிட்டார்; கதிர்வீச்சால் புண்ணான நெஞ்சை மூட. அடுத்த வருஷமே அதில் மார்பகம் செய்துவிட்டார்கள். புதுக் கண்டுபிடிப்பு என்று எல்லாரும் கொண்டாடிக்கொண்டிருக்க, 1980-ல் பாட்ரிக் மேக்ஸ்வெல் என்ற அமெரிக்க மருத்துவர் ஒரு கட்டுரையில் டான்சினியின் பழைய வேலையை வெளியே கொண்டுவந்தார். 1906-லேயே ஒருவர் இதைச் செய்திருந்தார் என்று. எழுபது வருஷம்!

தோல் போதாத பிரச்சினைக்கு செடோமிர் ராடோவன் ஒரு பலூன் வைத்தார். தோலுக்கடியில் காலிப் பை. வாரா வாரம் ஊசியில் உப்புத் தண்ணீர் ஏற்றுவார்கள். கர்ப்ப காலத்தில் வயிற்றுத் தோல் விரிவது மாதிரி நெஞ்சுத் தோல் மெதுவாக விரியும். பிறகு அந்த இடத்தில் நிரந்தரப் பையை வைப்பார்கள். அட்லான்டாவில் கார்ல் ஹார்ட்ராம்ஃப் வயிற்றைப் பார்த்தார். தொப்பையைக் குறைக்கும் அறுவையில் அடிவயிற்றுத் தோலையும் கொழுப்பையும் வெட்டிக் குப்பையில்தானே போடுகிறோம்? அதை சிக்ஸ் பேக் தசையோடு ஒட்டியபடியே, தோலுக்கடியில் சுரங்கம் மாதிரி மேலே கொண்டுபோய் மார்பகமாக்கினார். 1982-ல் வெளியிட்ட இந்த முறைக்கு ட்ராம் ஃபிளாப் என்று பெயர். சொந்தக் கொழுப்பு என்பதால் தொட்டால் மென்மை, உடம்பு எடை போட்டால் அதுவும் போடும். விலை? வயிற்றுத் தசை ஒன்று போய்விடும். சிலருக்குக் குடலிறக்கம். படுக்கையிலிருந்து எழவே கை ஊன்ற வேண்டிய நிலை.

தசையை விட்டுவிட்டு ரத்தக்குழாயை மட்டும் எடுக்க முடியாதா? ஜப்பானில் இசாவோ கோஷிமா 1989-ல் முடியும் என்று காட்டினார். தசைக்குள் புகுந்து தோலுக்கு வருகிற ஒன்றிரண்டு மில்லிமீட்டர் குழாய்களைத் தசை இழைகளுக்கு நடுவே பொறுமையாகப் பிரித்தெடுக்க வேண்டும். 1992-ல் நியூ ஆர்லியன்ஸில் ராபர்ட் ஆலன் அதை மார்பகத்துக்குச் செய்தார். 'டீப்' ஃபிளாப் என்று இன்று சொல்வது இதைத்தான். திசுவை உடம்பிலிருந்து முழுக்கப் பிரித்து, விலா எலும்புக்குப் பின்னால் இருக்கிற குழாயோடு மைக்ரோஸ்கோப்பின் கீழ், முடியைவிட மெல்லிய நூலால் தைக்க வேண்டும். தையல் அடைத்துக்கொண்டால் மொத்தமும் செத்துவிடும். அதனால் முதல் சில நாட்கள் நர்ஸ்கள் மணிக்கணக்குப் பார்த்து ரத்த ஓட்டத்தைச் சோதிப்பார்கள். பதியன் போடுவதெல்லாம் போய், செடியைப் பிடுங்கி வேறு தோட்டத்தில் குழாய் இணைப்புக் கொடுப்பது மாதிரி ஆகிவிட்டது.

சரி, ஹால்ஸ்டெட்டின் பயம்? மறுசீரமைப்பு நோய் திரும்புவதை மறைத்துவிடும் என்றாரே? இந்தப் பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளில் அப்படி ஒரு ஆபத்து தெரியவில்லை. 1980கள் வரைகூட 'சில வருஷம் பொறுங்க, நோய் வரலைன்னா பார்க்கலாம்' என்று காக்க வைத்தவர்கள் இருந்தார்கள். சில மருத்துவர்கள் இன்னொன்றும் சொன்னார்கள்: கொஞ்ச நாள் அந்தப் பள்ளத்தோடு வாழ்ந்தால்தான், பிறகு செய்து கொடுப்பதன் அருமை பெண்ணுக்குப் புரியும். இதற்கு நான் கமென்ட் எதுவும் சொல்லலை.

சிலிக்கான் பைக்கு வந்த சோதனை தனிக் கதை. உடல்நலப் புகார்கள் குவிந்து, 1992-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு தடை போட்டது. புற்றுநோய்க்குப் பிந்தைய மறுசீரமைப்புக்கு மட்டும், ஆய்வின் பகுதியாக, விலக்கு. தயாரித்த டவ் கார்னிங் 1995-ல் திவால் மனு போட்டது. 1999-ல் வந்த பெரிய மதிப்பாய்வு உடல் முழுக்க நோய் வருகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை என்றது. 2006-ல் மறுபடி அனுமதி. 2019-ல், சொரசொரப்பான மேற்பரப்புள்ள சில பைகளோடு ஒரு அரிய நிணநீர்ப் புற்றுநோய் தொடர்புடையது என்று தெரிந்து, அவை திரும்பப் பெறப்பட்டன. ஆக, அந்தப் பிரச்சினை இன்னும் மூடின டிக்கெட் இல்லை.

1998 அக்டோபரில் அமெரிக்காவில் ஒரு சட்டம். மாஸ்டெக்டமிக்குப் பணம் தருகிற காப்பீட்டு நிறுவனம், மறுசீரமைப்புக்கும், மறுபக்க மார்பகத்தைச் சமப்படுத்துவதற்கும், செயற்கை மார்பகத்துக்கும் பணம் தர வேண்டும். அதுவரை 'இது அழகு விஷயம்' என்று நிறுவனங்கள் கைவிரிக்க முடிந்தது.

இங்கே நிறுத்தினால் சந்தோஷமான கதை. ஆனால் கவிஞர் ஆட்ரி லார்டைச் சொல்லாமல் முடிக்க முடியாது. 1978-ல் ஒரு மார்பகத்தை இழந்தார். அறுவை முடிந்த சில நாளில் மருத்துவரைப் பார்க்கப் போனார், செயற்கை மார்பகம் அணியாமல். அங்கிருந்த நர்ஸ், இப்படி வந்தால் இங்கே மற்றவர்களின் மனம் தளர்ந்துவிடும் என்ற பொருளில் கண்டித்தார். லார்டு இதை 1980-ல் தன் கேன்சர் ஜர்னல்ஸ் புத்தகத்தில் எழுதினார். அவர் கேட்டது இதுதான்: போரில் கண்ணை இழந்தவர் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு வந்தால் வீரத்தழும்பு என்கிறோம், என்னை மட்டும் ஏன் பஞ்சு வைத்து மறைக்கச் சொல்கிறீர்கள்?

மறைக்காதே, திறந்து வை என்று ஒரு தலைமுறைக்கு உத்தரவு. மறைத்தே ஆகணும் என்று அடுத்த தலைமுறைக்கு. இரண்டு உத்தரவும் வந்தது வேறொருவர் வாயிலிருந்து.

இன்று கணிசமான பெண்கள் மறுசீரமைப்பு வேண்டாம் என்கிறார்கள். சிலருக்கு இன்னொரு நீண்ட அறுவை வேண்டாம். சிலருக்கு உடம்புக்குள் பை வேண்டாம். சிலருக்கு முதுகுத் தசையோ வயிறோ அப்படியே இருக்கட்டும். நீச்சலடிக்கணும், குழந்தையைத் தூக்கணும். செய்த மார்பகத்தில் தொடு உணர்வு பெரும்பாலும் திரும்புவதில்லை என்பதும் அவர்களுக்குத் தெரியும். அவர்கள் கேட்பது, நெஞ்சைத் தட்டையாக, நேர்த்தியாக, தொங்கும் தோல் இல்லாமல் மூடித் தையுங்கள் என்பது. இதற்கு 'ஏஸ்தெடிக் ஃபிளாட் க்ளோஷர்' என்ற பெயரை அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனம் தன் மருத்துவ அகராதியில் சேர்த்தது 2020-ல்தான். பெயர் கிடைப்பதற்கே அவ்வளவு காலம்.

2021-ல் வெளியான ஒரு ஆய்வில், தட்டையாக இருக்கத் தேர்ந்தெடுத்த 931 பெண்களிடம் கேட்டார்கள். ஆன்லைன் சர்வே, எல்லாரையும் பிரதிநிதித்துவம் செய்யாது. நான்கில் மூன்று பேர் அளவுக்குத் திருப்தி என்றார்கள். ஆனால் ஐந்தில் ஒருவருக்கு மேல், தங்கள் முடிவுக்கு அறுவை மருத்துவரிடம் ஆதரவே கிடைக்கவில்லை என்றார்கள். அந்தத் தேர்வு இருப்பதாகவே சொல்லப்படாதவர்களும் உண்டு. இன்னொரு வகை அனுபவமும் இந்தப் பெண்கள் திரும்பத் திரும்பச் சொல்வது: தட்டையாக வேண்டும் என்று பேசி, ஒத்துக்கொண்டு, அறுவைக்குள் போயிருப்பார்கள். மயக்கம் தெளிந்து கையை வைத்துப் பார்த்தால், நெஞ்சில் மடிப்பு மடிப்பாகத் தோல் விட்டு வைத்திருக்கும். பின்னாடி உங்க மனசு மாறலாம்னு மிச்சம் வெச்சோம் என்பார்கள்.